கடலுக்குத் திரும்பிய கருவாடு

மீனாட்சிபுரத்தில் கடல் கிடையாது. மாடு உண்டு, பால் உண்டு, நிலக்கடலை உண்டு. புது ராஜ்யம் பிறந்த பிறகு ஊருக்குக் கிழக்கே ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலும் உண்டு. மூங்கிலுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் மதராஸ். அதைத் தூக்கி இறக்க ஆள் போட்ட சர்க்கார், இவ்வளவு தூரம் வந்தோமே என்று நினைத்ததோ என்னவோ, பக்கத்துக் கொட்டகையில் இன்னொரு ஆபீசையும் திறந்தது. பலகையில் 'உத்தேசிக்கப்படாத மீன் கண்காணிப்பு ஆபீஸ்' என்று எழுதியிருந்தது. படித்த மாட்டுத் தரகர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் விளங்கியது.

எனக்கு மட்டும் விளங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. ஊரிலேயே மீனோடு சம்பந்தப்பட்டவன் நான் ஒருவன். குஞ்சு முகம்மது ராவுத்தர் கருவாட்டு மண்டி என்றால், பலகையே வேண்டாம், மூக்குள்ளவர்கள் நேராக வந்து சேர்ந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கடற்கரையில் கம்பெனிப் படகுகள் இறாலுக்கு வலை இழுக்கின்றன. இறால் ஐஸ் பெட்டியில் ஏறி அமெரிக்கா போகிறது. ஆனால் வலைக்கு அமெரிக்கா தெரியாது. எதிரில் வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒரு கூடை இறாலோடு எட்டுப் பத்துக் கூடை மற்ற மீன், குஞ்சும் குளுவானுமாக, நசுங்கிச் செத்து மேலே வரும். அதை மண்வெட்டியால் வாரித் திரும்பவும் கடலில் தள்ளிவிடுவார்கள். இப்படியே போனால் கடல் காலியாகிவிடும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடம் கவலைப்பட்டது. கவலைப்பட்ட மேலிடம் வேறென்ன செய்யும்? ஒரு துறை உண்டாக்கியது.

துறையின் அதிகாரி ஈஸ்வரமூர்த்தி. எலப்புள்ளிக்காரர், நல்ல உயரம், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் மரியாதைக்கு அரைப்படி நெத்திலியோடு பார்க்கப் போனபோது ஆபீஸ் சுவரில் ஒரு மிதவை வளையம் மாட்டியிருந்தது. மூலையில் இரண்டு துடுப்புகள். வாசல் கம்பத்தில் புயல் கொடி. அதைப் பார்த்து மிரண்டு ஒரு எருமை அன்று காலைதான் பால்காரரை உதைத்திருந்தது.

"ஏனுங்க சார், கடல் இங்கிருந்து ஒரு நாள் தூரமாச்சுங்களே?" என்றேன்.

"கடற்கரையில ஆபீஸ் வெச்சா கம்பெனிக்காரங்க சங்கடப்படுவாங்க ராவுத்தரே. தொழில் செய்யறவங்க மூஞ்சிக்கு முன்னால போய் நிக்கறது மரியாதையில்லீங்களே. அதுவுமில்லாம எனக்குக் கடல் ஒத்துக்காது. குளத்துல பரிசல் ஏறுனாலே குடல் வாய்க்கு வந்துரும்."

"அப்பறம் படகுல என்ன நடக்குதுன்னு எப்படிங்க தெரியும்?"

அவர் பெருமையோடு அலமாரியைத் திறந்தார். உள்ளே அஞ்சலட்டைகள், ரிப்பன் கட்டி அடுக்கியிருந்தன. ஒவ்வொரு படகும் மாதம் ஒன்று எழுதவேண்டும்: உத்தேசிக்கப்படாத மீன் எவ்வளவு பிடிபட்டது? ஒவ்வொரு அட்டையிலும் ஒரே பதில், ஒரே கையெழுத்தில்: இல்லை.

"பாத்தீங்களா? ஒரு மாசம் தவறலை. இவ்வளவு ஒழுக்கமான ஜனங்களை நான் சர்வீஸ்லயே பாத்ததில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. நெத்திலியைச் சகாயம் உள்ளே கொண்டுபோனார். சகாயம் அந்த ஆபீசின் குமாஸ்தா. அவரேதான் கடல் பார்வையாளர். கடலைப் பார்த்ததில்லை.

வைகாசி பிறந்ததும் அழகுத்தாய் வந்தாள். ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள். இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் மூன்று மாதம் மலையில் லாரி ஏறாது. தோட்டத்தில் அரிசி அளப்பார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்துக்கும் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் வருஷாவருஷம் பணம் திரட்டி, கங்காணியை நம்பாமல், இவளை என்னிடம் அனுப்புவார்கள். வாங்குவது கலவைக் கருவாடு. அதில்தான் விலை கம்மி. கம்பெனிப் படகில் கொட்டப்போகிற மீனை, கடற்கரையில் ரோசி என்கிற பெண்பிள்ளை தோணியில் போய்க் கெஞ்சி வாங்கி, உப்புப் போட்டு மணலில் உலர்த்தி எனக்கு அனுப்புவாள். கடலுக்கு வேண்டாம், கம்பெனிக்கு வேண்டாம், அது மலையில் போய் மனிதர்களுக்கு ரத்தமாகும்.

"ராவுத்தரே, இந்தத் தடவை குட்டிச் சுறா தனியா ஒரு பொட்டணம் வேணும்" என்றாள் வந்ததும். "எங்க சாந்தம்மாளுக்கு இது மாசம். போன பிள்ளைக்கு அவளுக்குப் பாலே வரல. பிள்ளை தங்கல. இந்தப் பிள்ளைக்காவது சுறாப்புட்டு செஞ்சு போட்டுப் பால் ஊற வைக்கணும்னு லயமே காவக் காக்குது."

"பால் ஊறுங்க. நம்ம சுறாவைத் தின்னா கங்காணிக்கே ஊறும்" என்றேன்.

"ஒம்ம வாய்க்கு ஒரு பூட்டு போடணும்" என்று சிரித்துக்கொண்டே சாக்குகளை லாரியில் ஏற்றினாள்.

லாரி மூங்கிலைத் தாண்டவில்லை. ஈஸ்வரமூர்த்தி குடை பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருந்தார்.

"சாக்குல என்ன மீன்?"

"கலவைங்க."

"கலவைன்னு கடல்ல ஒரு மீன் இல்லையே."

"எல்லாம் கொஞ்சங் கொஞ்சம் இருக்குதுங்க. நெத்திலி, காரப்பொடி, குட்டி வாளை, குட்டிச் சுறா..."

"இதுல நீங்க வாங்கணும்னு போனது எது?"

எங்கள் வியாபாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கலவை வாங்க யார் வந்தாலும் சொல்வோம். வாங்குகிறவர் சிரிப்பார், நாமும் ஒரு கை கூட அள்ளிப் போடுவோம். பழக்க தோஷத்தில் அதைச் சொன்னேன்: "நெத்திலிக்குத்தானுங்க காசு. மத்ததெல்லாம் அதுகளா ஆசைப்பட்டுக் கூட வந்துருச்சுங்க."

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சகாயம், எழுதிக்க. ஒப்புதல் வாக்குமூலம்" என்றார்.

சாக்குகளை இறக்கி ஆபீஸ் கொட்டகையில் வைத்தார்கள். துறை தொடங்கிய நாளிலிருந்து பிடிபட்ட முதல் உத்தேசிக்கப்படாத மீன் என்பதால் சாக்குகளுக்குச் சந்தனம் தெளித்தார்கள். பிறகு சகாயம் விவரம் எழுத உட்கார்ந்தார். மீன் பிடிபட்டபோது உயிரோடு இருந்ததா என்று ஒரு கேள்வி. உயிரோடு, அரை உயிரோடு, இதர. சகாயம் ஒரு காரப்பொடியைக் கையில் எடுத்து நெடுநேரம் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டு, 'இதர' என்று எழுதினார். காயம் உண்டா என்று அடுத்த கேள்வி. தலையே இல்லாத வாளை ஒன்றைக் காட்டி என்னைக் கேட்டார். "லேசானதுங்க" என்றேன். அதையும் எழுதினார். இந்த நாக்கை அறுத்து உப்புப் போட்டு வைத்தால்தான் எனக்குப் புத்தி வரும் என்று வீட்டில் என் மனைவி ஐசும்மா சொன்னாள்.

மறுநாள் விசாரணை. அழகுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

"சாரு, இந்த மீனைக் கொன்னது யாரு?"

"யாரும் கொல்லலை அம்மா. பிடிபட்டது."

"பிடிச்சுக் கொன்னு கடல்ல தள்ளுறவுகளுக்கு ஒண்ணுமில்ல. தள்ளப் போறதைக் கேட்டு வாங்கி ஒலத்தித் திங்குற எங்களுக்குத் தண்டனையா?"

அதிகாரிக்குக் கேள்வி பிடித்திருந்தது. நல்ல மாணவியிடம் வாத்தியார் பேசுவதுபோலப் பேசினார். "பொறுமையாக் கேளுங்க. கடல்ல தள்ளுன மீன் கரைக்கு வரலை. கரைக்கு வராதது கணக்குல வராது. கணக்குல வராத மீனு செத்துதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? பொய்யில்ல ஆயிரும்? நீங்க எடுத்துத் திங்கறீங்க பாருங்க, அப்பத்தான் அது செத்துப்போச்சுன்னே சர்க்காருக்குத் தெரியவருது. அப்ப மீன் சாவுக்குக் காரணம் யாரு?"

"நாங்களா?"

"நான் சொல்லலை. சட்டம் அந்தப் பக்கமா நகருது."

"இந்த மீனு வேணும்னு நெனச்சுத்தான சாரு மலையிலருந்து எறங்கி வந்திருக்கேன்? எங்களுக்கு உத்தேசம் இருக்குல்ல? அப்ப இது உத்தேசிச்ச மீனுதான?"

சகாயம் எழுதுவதை நிறுத்தினார். எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடினார், திறந்தார்.

"உத்தேசங்கறது லைசென்ஸ் உள்ளவங்களுக்கு அம்மா. முப்பதடிக்கு மேல படகு இருக்கணும். கூலிக்காரங்களுக்கு உத்தேசம் கிடையாது. தேவை மட்டும்தான் உண்டு. தேவையை விசாரிக்க வேற துறை வருது. இன்னும் திறக்கலை."

"சாந்தம்மாளுக்கு அதுக்குள்ள பிள்ளை பிறந்துருமே?"

"பிறக்கட்டும். நாங்க தடை சொல்லலை."

அழகுத்தாய் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. அவள் மேகத்தைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். கடைசியில், மழைக்கு முன்னால் மலை ஏறவேண்டுமே என்று காலி லாரியில் புறப்பட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. உத்தேசிக்கப்படாத மீனைக் கடலிலேயே, கூடிய மட்டும் உயிரோடு, திருப்பி விடவேண்டும் என்பது ஏழாவது விதி. கருவாட்டுக்கு அது பொருந்தாது என்று விதியில் எங்கும் இல்லை. அதனால் சர்க்கார் செலவில் லாரி பிடித்து, சாக்குகளையும் சாட்சிக்கு என்னையும் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

கம்பெனி பெரிய மனது பண்ணித் தன் படகையே தந்திருந்தது. மணலில் பந்தல், மேஜை, ரோஜாப்பூ. பொரித்த இறால் தட்டுத் தட்டாக வந்தது. ஈஸ்வரமூர்த்தி கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். அவருக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும்.

"இன்னைக்கு நாம கடல்கிட்ட மன்னிப்புக் கேக்கறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கறோம். இந்தப் புண்ணியத்துக்குப் படகு கொடுத்த கம்பெனிக்கு நன்றி. சிலபேர் கேக்கறாங்க, நீங்க ஏன் படகுல ஏறிப் பாக்கறதில்லைன்னு. நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குதுங்க. பாத்துட்டா அப்பறம் நம்பிக்கைக்கு எங்க இடம்? கடலை அழிக்கறவங்க கடல்ல இல்லை. மலையடிவாரத்துல, சாக்கு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் திருந்தி இங்க வந்திருக்கார்."

எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திருந்தியவன் யாரென்று நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சகாயமும் நானும் சாக்குகளும் படகில் ஏறினோம். வெறும் படகாக எதற்குப் போய் வரவேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் வலையையும் இறக்கினார்கள். ஆழத்துக்குப் போனதும் சாக்கை அவிழ்த்து இடது பக்கம் கொட்டினோம். கருவாடு முழுகவில்லை. ரோசி அப்படிக் காய வைத்திருந்தாள். நெத்திலியும் வாளையும் குட்டிச் சுறாவும் தண்ணீர்மேல் சருகு மாதிரி மிதந்து, படகோடு கூடவே வந்தன. அதே நேரத்தில் வலை மேலே வந்தது. படகின் மேல்தளத்தில் கொட்டினார்கள். இறாலைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். மிச்சம் முழங்கால் உயரம் கிடந்தது. சாண் நீளச் சுறாக்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு பேர் மண்வெட்டியை எடுத்து வலது பக்கம் வாரித் தள்ளத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் சட்டப்படி செத்த மீன் விழுந்தது. மறுபக்கம் வழக்கப்படி செத்த மீன் விழுந்தது.

"சகாயம் சார், இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் இடது பக்கக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். "ராவுத்தரே, பார்வையாளர் ஒரே ஒருத்தரைத்தான் போட்டிருக்காங்க. எனக்கு ஒதுக்குனது இந்தப் பக்கம்" என்றார். சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார். அதுவும் இடது பக்கமேதான்.

தூரத்தில் ரோசியின் தோணி வந்துகொண்டிருந்தது. கொட்டுகிற மீனைக் கேட்கத்தான் வந்தாள். மிதந்து வருவதை அள்ளிப் பார்த்தாள். தன் கையால் உப்புப் போட்டதை யாருக்காவது அடையாளம் தெரியாமல் போகுமா? நனைந்த ஒரு சுறாவைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தாள். திருப்பி விட்டதை மறுபடி எடுப்பது குற்றம் என்று சகாயம் வாயைத் துடைத்துக்கொண்டு அவளுக்குச் சொன்னார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். வெயில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மண்டியைத் துழாவினேன். பழைய கூடையின் அடியில் குட்டிச் சுறாக் கருவாடு ஒரு பொட்டணத்துக்குத் தேறியது. எப்படியாவது மலைக்கு அனுப்பவேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில் ஈஸ்வரமூர்த்தியே வழி பண்ணினார். வழக்குக் கோப்பை முடிக்க ஒரு சாட்சியம் குறைகிறதாம். மீனைத் திருப்பி விட்டதால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நேரில் பார்த்து எழுதவேண்டும். மலைக்குப் போக அவருக்குத் தனிப் பயணப்படி உண்டு. எழுதச் சகாயமும் அடையாளம் காட்ட நானும் கூட வரவேண்டும்.

பொட்டணத்தைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சி தாண்டியதும் அதிகாரி மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாடை ராவுத்தரே?"

"எனதுங்க. எத்தனை வருசத் தொழில். சோப்புக்குக் கட்டுப்படறதில்லீங்க."

கம்பம் வழியாக மலை ஏறிக் குமுளியைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஆனைக்கரை சேர்ந்த கையோடு பின்னால் ரோட்டில் மண் சரிந்தது. தோட்டத்து பங்களா பூட்டியிருந்தது. லயத்தில் காலியாக இருந்த ஒரு வீட்டில் அதிகாரியையும் சகாயத்தையும் தங்க வைத்தார்கள். அழகுத்தாய் எல்லாருக்கும் கொடுத்ததையே அவர்களுக்கும் கொடுத்தாள். சோறு, உப்பு, பச்சை மிளகாய். அடுத்த வேளையும் அதுவே. ஈஸ்வரமூர்த்தி தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தொட்டுக்க?" என்று கேட்டார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லைபோல.

சாந்தம்மாளுக்குப் பெண் பிறந்திருந்தது. பிறந்து மூன்று நாள் ஆகியும் பால் இறங்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது அழுவதற்குக்கூடச் சிக்கனம் பிடித்தது. நான் பொட்டணத்தை எடுத்துக் கொடுத்ததும் அழகுத்தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்குத்தான் காணும்" என்றாள்.

"ஒரு ஆளுக்குத்தானுங்க கொண்டாந்தேன்."

தன் வீட்டு அடுப்பில் சுறாவை வேகவைத்து, உதிர்த்து, கடைசிப் பூண்டு முழுவதையும் உரித்துப் போட்டு வதக்கினாள். வாசனை லயத்தின் நீளத்துக்கும் போயிற்று. கதவுகள் திறந்தன. யாரும் வரவில்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, சாந்தம்மாள் வீட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார்கள். அழகுத்தாய் சட்டியை இறக்கி வைத்து, பக்கத்தில் தட்டில் சோற்றையும் போட்டு, சாந்தம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரப் போனாள்.

ஈஸ்வரமூர்த்தி அந்த நேரத்தில்தான் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். சட்டியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"சார், அது பிள்ளை பெத்தவளுக்கு வெச்சதுங்க" என்றேன்.

"இருக்கட்டும். மிச்சம் வெப்பேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை வைத்தார். நான் சட்டியில் கை வைத்தேன். என் கையை நகர்த்திவிட்டார், ஈயை ஓட்டுவதுபோல. அதைத் தட்டிவிடவேண்டிய கை எனக்கு இருந்தது. அது எத்தனையோ வருஷமாகச் சலாம் வைத்தே பழகிவிட்டது. "சார், பால் இல்லீங்க சார் அவளுக்கு" என்றேன். கத்தினேனா என்று தெரியவில்லை. அவர் இரண்டாவது வாய், மூன்றாவது வாய் என்று போய்க்கொண்டிருந்தார். சோறு தீர்ந்ததும் சட்டியைச் சாய்த்து வழித்தார். பிறகுதான் கண்ணைத் திறந்து, வாசலில் ஒதுங்கி நின்ற சகாயத்தைக் கூப்பிட்டார்.

"எழுதிக்க. பாதிப்பு ஏதும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பில் கருவாடு தாராளமாகப் புழங்குகிறது. ருசி நன்று. நானே நேரில் உண்டு உறுதி செய்துகொண்டேன்."

சகாயம் பேனாவைத் திறந்தார். எழுதினார். எழுதாமல் என்ன செய்வார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு எனக்கு உதவவில்லை.

சாந்தம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் அழகுத்தாய், கையில் பிள்ளை. மழையில் நனைந்துகொண்டே லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்தார்கள். சாந்தம்மாள் சட்டியைப் பார்த்தாள். சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். பிள்ளை துணியைச் சப்பியது.

"நல்ல கைப்பக்குவம் அம்மா உங்களுக்கு. இன்னுங் கொஞ்சம் சோறு கிடைக்குமா?" என்றார் அதிகாரி.

அழகுத்தாய் பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தாள். குனிந்து, அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். விரலெல்லாம் எண்ணெயாக இருந்ததால் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. லயத்தில் ஒருவரும் ஒரு செம்பு எடுத்துக் கொடுக்கவில்லை.